சத்தம் போடாத பொடி

சென்ற மாதம் பொறியியல் கல்லூரியிலிருந்து இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள் என்னைத் தேடி வந்தார்கள். உப்புக் கரைசலிலிருந்து மிக நுண்ணிய பீங்கான் பொடி எடுப்பது அவர்களுடைய வேலை. அவர்களில் ஒருத்தி, "ஐயா, அம்பதுகள்லயே காரைக்கால்ல அலுமினாப் பொடி பண்ணீங்களாமே? துகள் அளவை எப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டாள். அவர்களுடைய கல்லூரியில் அதற்கென்று ஓர் அறை நிறையக் கருவிகள் இருக்கின்றனவாம். எங்களிடம் இரண்டு கண்ணாடித் துண்டுகளும் எங்கள் தலைவரின் வலது காதும் இருந்தன என்றேன். சிரித்துவிட்டு, அதையே துறை மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் பொடிக்கு முன்னால் மனிதர்கள் வந்து நிற்கிறார்கள். இது மலருக்குப் பொருந்துமா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

தேதி விஷயத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். ஆகவே முதலில் அதை முடித்துவிடுகிறேன். நான் வேலையில் சேர்ந்தது 1952 தை மாதம், பொங்கல் கழிந்த கையோடு. அப்போது காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்தது. அது இறங்கியது 1954 நவம்பர் முதல் தேதி. நான் சொல்லப்போகிற விஷயம் 1956 ஐப்பசியிலும் கார்த்திகையிலும் நடந்தது. என்னோடு வேலை பார்த்தவர்களில் சிலர், தஞ்சை ஜில்லாவைப் புயல் புரட்டிப் போட்ட வருஷமே அது நடந்தது என்பார்கள். இல்லை. புயலில் எங்கள் கொட்டகையின் ஓடெல்லாம் பறந்து, புதிதாக வேய்ந்து முடித்த பிறகு வந்த மழைக்காலத்தில்தான் நடந்தது. புது ஓட்டில் விழுந்த மழையின் சத்தம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அரசலாற்றுக்கு வடகரையில், ஊருக்கு மேற்கே இருந்தது எங்கள் பட்டறை. நீளமான ஒரு கொட்டகை, பின்னால் ஒரு சூளை, நடுவில் கிணறு. முதலாளி சைகோனில் வியாபாரம் செய்து திரும்பியவர். அங்கே எனாமல் பாத்திரத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் பல வருஷம் இருந்த நெய்னா முகமது என்பவரை நம்பித்தான் அவர் இந்தத் தொழிலில் பணம் போட்டார். நெய்னா முகமது காரைக்கால் மரைக்காயர் குடும்பத்துக்காரர். எங்களுக்கு அவர் 'ஷெஃப்'. பிரெஞ்சுக்காரர் காலத்தில் தலைமை ஆளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இப்போது அந்தச் சொல்லைக் கேட்டால் ஓட்டல் சமையல்காரர் நினைவுக்கு வருகிறார். அதுவும் பெரிய தப்பில்லை. எங்கள் வேலையில் பாதி சமையல்தான்.

உலோகத்தை மெருகேற்றும் அலுமினாப் பொடிதான் எங்கள் சரக்கு. செய்த விதம் இதுதான். படிகாரத்தைக் கொதிநீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பெரிய தொட்டியில் ஊற்றுவோம். மேலே தொங்கும் ஜாடியிலிருந்து அம்மோனியா நீர் சொட்டுச் சொட்டாக விழும். ஒருவர் மரத்துடுப்பால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். சற்று நேரத்தில் தொட்டிக்குள் வெள்ளையாக, வழவழவென்று ஒரு கூழ் திரளும். நாங்கள் அதை 'நுங்கு' என்போம். அவசரப்பட்டு அம்மோனியாவைத் திறந்துவிட்டால் நுங்கு கட்டி கட்டியாகிவிடும். துடுப்பு பிடித்தவர் கை அயர்ந்து வேகத்தை மாற்றினாலும் அப்படித்தான். ஷெஃப் பக்கத்தில் நின்று, "பஸியான்ஸ், பஸியான்ஸ்" என்று சொல்லிக்கொண்டிருப்பார். பொறுமை என்பதற்குப் பிரெஞ்சு.

துடுப்பு பிடிக்கும் வீரம்மாள் குரும்பகரத்துக்காரி. நடவு நட்டுப் பழகிய கை. ஒரு நாள் அவள் திரும்பிப் பார்த்து, "பஸியான்ஸை எங்கிட்ட சொல்லாதீங்க ஷெஃப், அந்த ஜாடிகிட்ட சொல்லுங்க. அதுதான் அவசரப்படுது" என்றாள். ஷெஃப் குனிந்து ஜாடியின் குழாயைப் பார்த்தார். உண்மையிலேயே சொட்டு வேகமாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. திருகைச் சரிசெய்துவிட்டு, ஜாடியைப் பார்த்து மரியாதையாக, "பஸியான்ஸ்" என்றார். அவருடைய குணம் அது. வேலை ஆள் சொன்னது சரி என்றால் அந்த இடத்திலேயே ஏற்றுக்கொள்வார். வயதில் சின்னவனான என்னைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் 'தம்பி' சேர்ந்துகொள்ளும்.

நுங்கில் ஒட்டியிருக்கும் உப்பையெல்லாம் கழுவ வேண்டும். எங்கள் கிணறு உவர்க் கிணறு. கடல் பக்கம் வேறெப்படி இருக்கும்? ஆகவே கூரையிலிருந்து மழைநீரைப் பிடித்துத் தொட்டிகளில் சேர்த்து வைத்திருந்தோம். முதல் மழையை விட்டுவிடுவோம், அது கூரையைக் கழுவட்டும் என்று. வடிந்த நீரில் பேரியம் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் வெள்ளையாகப் புகையக் கூடாது; புகைந்தால் உப்பு இன்னும் போகவில்லை என்று பொருள். அந்தச் சொட்டு விடுவதுதான் என் முதல் வேலை. பிரெஞ்சுப் பள்ளியில் கொஞ்சம் ரசாயனம் படித்திருந்தேன். அதைத்தான் அவர் பெரிய தகுதியாக எடுத்துக்கொண்டார். ரொம்பச் சுத்தமாகக் கழுவினால் இன்னொரு ஆபத்து உண்டு. நுங்கு பால் போலாகித் துணி வழியே ஓடிவிடும். கழுவும் நீரில் துளி அம்மோனியா விட்டு வைத்தால் ஓடாது. இதற்கான காரணத்தை நான் எத்தனையோ வருஷம் கழித்துப் புத்தகங்களில் படித்தேன். ஷெஃப் அப்போதே காரணம் சொல்லியிருந்தார். எனக்குத்தான் புரியவில்லை.

இனிமேல் வருவது முக்கியம். கழுவிய நுங்கை அப்படியே காயவைத்தால் கல்லாகிவிடும். தண்ணீர் போகிறபோது துகள்களை ஒன்றோடொன்று இழுத்து இறுக்கிவிட்டுத்தான் போகும். அதனால் காயவைப்பதற்கு முன்னால் தண்ணீரை ஸ்பிரிட்டால், அதாவது வலுவான சாராயத்தால், வெளியேற்ற வேண்டும். தடித்த கான்வாஸ் பையில் நுங்கைக் கட்டி, ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பிழிந்து வடிப்போம். புதுப் பைக்கு மாற்றி, புது ஸ்பிரிட். அப்புறம் இன்னொரு பை, இன்னொரு முறை. கடைசியில் வடிகிற ஸ்பிரிட், உள்ளே போன வலுவில் கிட்டத்தட்ட அப்படியே வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் நுங்கு காய்ந்தபின் புட்டு மாதிரி கையில் உதிரும். அதைச் சூளையில் வெண்தணலாகும்வரை சுட்டு, நீரில் கலக்கித் தெளியவைத்து, மேலே மிதக்கும் பாலை மட்டும் எடுத்துக் காயவைத்தால் பொடி.

அந்தக் காலத்தில் சென்னை ராஜ்யத்தில் மதுவிலக்கு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி ஒரு போத்தல் ஸ்பிரிட் வைத்திருந்தாலே போலீஸ் வந்துவிடும். காரைக்காலில் பீப்பாய் பீப்பாயாகக் கிடைத்தது. இப்படி ஒரு பொடி எங்கள் ஊரில் செய்யப்பட்டதற்கு வேறு எந்தப் பெருமையான காரணமும் இல்லை.

பொடி நன்றாக வந்ததா என்று ஷெஃப் சோதிப்பதைச் சொல்ல வேண்டும். தட்டைக் கண்ணாடியில் வெட்டிய இரண்டு துண்டுகளுக்கு நடுவே ஒரு சிட்டிகை பொடியும் ஒரு சொட்டுத் தண்ணீரும் வைப்பார். வலது காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வட்டமாகத் தேய்ப்பார். கொட்டகையில் எல்லோரும் கையை நிறுத்திவிடுவோம். ஒரே ஒரு கெட்டித் துகள் இருந்தாலும் கண்ணாடி 'கிறீச்' என்று முனகும். சத்தமே இல்லாமல், எண்ணெயில் வழுக்குவது போலத் தேய்ந்தால், கண்ணை மூடிக்கொண்டு, "சத்தம் போடலை" என்பார். அந்தத் தொகுதி தேறிவிட்டது என்று பொருள்.

இப்போது ஸ்பிரிட் அறை. கொட்டகையின் மேற்கு மூலையில் அதைத் தனியாகச் சுவர் எழுப்பிப் பிரித்திருந்தார்கள். தீ அண்டக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று ஷெஃப் சம்பந்தப்பட்டது. அவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். பகல் தொழுகையைப் பட்டறையிலேயே, தன் மேசைக்குப் பின்னால் பாய் விரித்துத் தொழுவார். அவர்கள் வழியில் ஸ்பிரிட் துணியில் பட்டால் அந்தத் துணியோடு தொழ முடியாது, மாற்றிக் கழுவிக்கொள்ள வேண்டும். ஒரு நாளில் எத்தனை முறை மாற்றுவது? அதனால் அவர் அந்த அறைக்குள் போவதில்லை. சுவரில் ஒரு ஜன்னல் வைத்திருந்தார். அதற்கு வெளியே நின்று பேசுவார். உள்ளே இருப்பவர் வடிந்த ஸ்பிரிட்டைக் கண்ணாடிக் குவளையில் ஜன்னல் விளிம்பில் வைப்பார். நான் அதில் வலுப் பார்க்கும் மிதவைக் கோலை விட்டு, அளவைப் படித்துச் சொல்வேன். குடிப்பவர்களைப் பற்றி அவர் ஒரு நாளும் இழிவாகப் பேசிக் கேட்டதில்லை. "அது அவங்க கணக்கு" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

உள்ளே இருந்தவர் ஆரோக்கியசாமி. மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. நல்ல உயரம், பையைப் பிழிந்தால் ஒரு சொட்டு மிச்சம் வைக்காத கை. ஒரு காலத்தில் குடித்துக்கொண்டிருந்தவர். 1954 செப்டம்பரில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு நடந்து போய், இனித் தொடுவதில்லை என்று மாதாவிடம் சொல்லிவிட்டு வந்தார். அவர் மனைவி செசிலி அதை நம்பித்தான் பிள்ளைகளோடு தாய் வீட்டிலிருந்து திரும்பி வந்திருந்தாள். குடியை விட்டவரை ஸ்பிரிட் அறையில் வைக்கலாமா என்று முதலாளி கேட்டதற்கு ஷெஃப், "விட்டவருக்குத்தான் அதோட அருமை தெரியும், சிந்த மாட்டார்" என்று சொன்னதாகக் கேள்வி. ஆரோக்கியசாமியே எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்: "ஊர்ல இருக்கறவனெல்லாம் காசு குடுத்து மோந்து பாக்குறான். எனக்குச் சம்பளம் குடுத்து மோக்க விடுறாங்க."

வழக்கமாக ஐப்பசி பிறந்தால் பட்டறையை மூடிவிடுவோம். விறகு நனைந்துவிடும், எதுவும் காயாது. 1956இல் அப்படிச் செய்ய முடியவில்லை. சென்னையில் எஃகு வார்க்கும் ஆலை ஒன்று, தன் பரிசோதனைக் கூடத்துக்கு மெருகுப் பொடி கேட்டிருந்தது. எஃகுத் துண்டை முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றி, உருப்பெருக்கியில் வைத்துப் பார்ப்பார்கள். அதுவரை வெளிநாட்டுப் பொடிதான் வாங்கினார்கள். எங்களுடையது சரியாக இருந்தால் வருஷம் முழுக்க எங்களிடமே வாங்குவதாகப் பேச்சு. மாதிரிக்கு ஒரு பெட்டி அனுப்பினோம். பெட்டி திரும்பி வந்தது. கூடவே ஓர் எஃகுத் துண்டு. அதன் முகத்தில், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முள் கிழித்த மாதிரி கோடுகள்.

ஷெஃப் திரும்பி வந்த பெட்டியிலிருந்து பொடியை எடுத்துக் காதருகே தேய்த்தார். காது வைக்கத் தேவையே இல்லை. கிணற்றடியில் நின்ற எனக்கே கேட்டது.

"அனுப்பும்போது நீங்க பாக்கலியா ஷெஃப்?" என்றாள் வீரம்மாள்.

"பாத்தேன். அந்தச் சிட்டிகை சத்தம் போடலை. இது போடுது. ஒரே பெட்டிக்குள்ள ரெண்டு விதம் இருக்கு."

அடுத்த தொகுதியை ஒவ்வொரு படியிலும் நிறுத்தி நிறுத்திச் சோதித்தார். கரைசல் சரி. நுங்கு சரி. பேரியம் சொட்டு புகையவில்லை. பீப்பாயிலிருந்து எடுத்த ஸ்பிரிட்டில் கோலை விட்டால் வலு சரி. ஆனால் கடைசியாக வடிந்த ஸ்பிரிட்டில் கோல் கீழே அமிழாமல் எழும்பியே நின்றது. தண்ணீர் கலந்திருக்கிறது. பீப்பாயில் இல்லாத தண்ணீர் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்கிருந்து வந்தது? கோலைப் பார்த்துவிட்டு எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

முதலாளி அன்று மாலையே வந்துவிட்டார். கொட்டகை நடுவில், எல்லோரும் இருக்கும்போதே ஆரம்பித்தார்.

"குடிச்சுட்டுத் தண்ணி ஊத்தி வைக்கிறது புதுசா? சாராயக் கடைக்காரன் தினம் பண்றதுதானே. இவனை உள்ள விட்டது நம்ம தப்பு."

ஷெஃப் அவரைக் கையமர்த்தினார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, அவரும் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னார்: "ஆரோக்கியம், நடந்தது நடந்துபோச்சு. உண்மையைச் சொல்லிடுங்க. நான் பேசிக்கறேன்."

ஆரோக்கியசாமி வெளியே வந்து நின்றார். கையெல்லாம் வெளுத்து, தோல் சுருங்கியிருந்தது. "குடிச்சிருந்தா சொல்லிட்டுப் போயிருப்பேன் ஷெஃப். குடிக்கலியே."

"கோல் பொய் சொல்லாது."

"கோல் சொல்லாது. நான் மட்டும் சொல்லுவேனா?"

"வாயை ஊது பாப்போம்" என்றார் முதலாளி.

ஆரோக்கியசாமி சிரித்தார். நல்ல சிரிப்பு அல்ல அது. "அந்த ரூம்ல அரை மணி நேரம் நின்னா, உங்க வாயும் நாறும் மொதலாளி. பொணத்தை வச்சாலும் அது குடிச்ச மாதிரிதான் நாறும்."

முதலாளி சனிக்கிழமையோடு கணக்கு முடித்து அனுப்பிவிடச் சொல்லிவிட்டுப் போனார். காரைக்கால் சின்ன ஊர். பேச்சு ஆரோக்கியசாமிக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மறுநாள் ஆரோக்கியசாமி சாப்பாடு கொண்டு வரவில்லை. வீரம்மாள் தன் தூக்குவாளியில் இருந்ததைப் பகிர்ந்தபோது மெல்லச் சொன்னார்: "செசிலி எங்கூடப் பேசலை. சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லை. சண்டையும் போடலை. பிள்ளைங்க துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கா. சனிக்கெழம நான் என்ன சேதி கொண்டு வர்றேன்னு பாத்துட்டுக் கெளம்பிடுவா."

வேலை போனால் வேறு வேலை கிடைக்கும். இந்தக் காரணத்தோடு போனால் அந்தக் குடும்பம் போய்விடும். அங்கே இருந்த எல்லோருக்கும் இது தெரிந்திருந்தது. ஷெஃப் அந்த இரண்டு மூன்று நாளும் மிதவைக் கோலைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து திரும்பியதும் என்னைக் கூப்பிட்டார்.

"கலியமூர்த்தி, கோல் என்ன சொல்லுது?"

"தண்ணி இருக்குன்னு சொல்லுது ஷெஃப்."

"யார் ஊத்தினாங்கன்னு சொல்லுதா?"

"இல்லை."

"அதை நான்தான் சொன்னேன் தம்பி. கோல் சொன்னதுக்குமேல ஒரு வார்த்தை சேத்து நான் சொல்லிப்புட்டேன்."

'தம்பி' என்றது என்மேல் வந்த கோபம் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

சனிக்கிழமை காலை தூறல். ஷெஃப் ஒரு பழைய கைலியும் பனியனுமாக வந்தார். அவரை அந்தக் கோலத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை. நேராக ஸ்பிரிட் அறையின் கதவைத் திறந்தார்.

"ஐயையோ, உள்ள போகாதீங்க ஷெஃப்!" வீரம்மாள் துடுப்பைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். "மேல பட்டுடும்!"

"படட்டும். கைலி என்னோடதுதானே." உள்ளே போய் ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். "ஆரோக்கியம், தினம் எப்படிச் செய்வீங்களோ அப்படியே செய்யுங்க. நான் இல்லைன்னு நெனச்சுக்குங்க."

"நீங்க இல்லைன்னு எப்படி நெனக்கறது, இவ்வளவு பக்கத்துல உக்காந்துகிட்டு?" என்றார் ஆரோக்கியசாமி. இருந்தாலும் வேலையைத் தொடங்கினார்.

நான் கதவருகே கோலோடு நின்றேன். பீப்பாய் ஸ்பிரிட் சரியாக இருந்தது. முதல் முறை வடிந்ததில் வலு குறைவாக இருக்கத்தான் செய்யும், அதுவும் அளவாக இருந்தது. இரண்டாவது கொஞ்சம் சந்தேகம். கடைசி முறைக்கு ஆரோக்கியசாமி, முற்றத்துக் கொடியிலிருந்து எடுத்து வந்து வைத்திருந்த பைகளில் ஒன்றில் நுங்கை மாற்றிக் கட்டினார். ஸ்பிரிட்டை ஊற்றினார். ஊறியதும் பிழிந்தார். குவளையில் நான் கோலை விட்டேன். எழும்பி நின்றது. எங்கள் கண்ணெதிரே, யாரும் ஒரு வாய் குடிக்காமல், ஒரு துளி ஊற்றாமல், ஸ்பிரிட்டுக்குள் தண்ணீர் வந்திருந்தது.

ஷெஃப் எழுந்தார். மிச்சமிருந்த அந்தப் பைகளில் ஒன்றைக் கையில் எடுத்து முறுக்கினார். அவர் விரல்களுக்கு நடுவே நீர் கசிந்தது. நக்கிப் பார்த்தார். உவர்ப்பு.

"இது ஏன் ஈரமா இருக்கு?"

"கழுவினதுதான்" என்றார் ஆரோக்கியசாமி. "மழையில காயலை."

"கெணத்துத் தண்ணிலயா? ஸ்பிரிட்ல நனைஞ்ச பையைக் கெணத்துத் தண்ணில யாருங்க கழுவச் சொன்னது? அப்படியே தொங்கவிட்டா தானா ஆவியாயிடுமே!"

ஆரோக்கியசாமி வீரம்மாளைப் பார்த்தார். வீரம்மாள் என்னைப் பார்த்தாள். கழுவும்படி யாரும் சொல்லவில்லை என்பதுதான் உண்மை. பைகளை முற்றத்துக் கொடியில்தான் காயப்போடுவோம். தொழுகைக்கு முன்னால் கை கால் கழுவ ஷெஃப் கிணற்றுக்குப் போகும் வழியில்தான் அந்தக் கொடி இருந்தது. காற்றில் பை ஆடி அவர்மேல் பட்டுவிடுமே என்று யாரோ ஒரு நாள் அலசிப் போட்டிருக்கிறார்கள். பிறகு அது எங்கள் எல்லோருக்கும் பழக்கமாகிவிட்டது. பை மட்டும் இல்லை, அந்த அறையிலிருந்து வெளியே வரும் செம்பு, வாளி, புனல், எதுவானாலும் கிணற்றடியில் ஒரு முறை கழுவிவிட்டுத்தான் அவர் பக்கம் கொண்டு போவோம். வெயில் காலத்தில் எல்லாம் நொடியில் காய்ந்துவிடும். அதனால் எந்த வருஷமும் தெரியவில்லை. பிழிந்தாலும் தன் நூலுக்குள் தண்ணீரை வைத்துக்கொள்ளும் தடித்த கான்வாஸ் பை, ஐப்பசி மழையில் எப்படிக் காயும்? ஈரத்தோடு அது அடுத்த நுங்குக்குப் போனது. போதாததற்கு, நாங்கள் மழைநீரால் பாடுபட்டு விரட்டிய உப்பையும் கடைசியில் திருப்பிக் கொண்டு வந்தது. சுட்டபோது துகள்கள் அங்கங்கே ஒட்டிக் கெட்டியாகிவிட்டன.

வீரம்மாள்தான் சொன்னாள். "நீங்க தொழுவுறவங்க. பை உங்க மேல பட்டா மறுபடி குளிக்கணும், துணி மாத்தணும்... அதுக்காகத்தான் கழுவிப் போட்டோம் ஷெஃப்."

"எவ்வளவு நாளா?"

"கொடி கட்டினதுலேருந்து."

ஷெஃப் கையிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் கண் கலங்கியதா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த அறையில் ஸ்பிரிட் நெடிக்கே எல்லோர் கண்ணும் கலங்கும். பிறகு சொன்னார்: "எனக்குத் தொழுகை இருக்கு, நான் கழுவிக்கறேன். பைக்கு ஏது தொழுகை? இனிமே யாரும் கழுவாதீங்க."

"அப்ப கொடி?" என்றாள் வீரம்மாள்.

"கொடியை நகத்திக் கட்டுவோம். இவ்வளவு நாள் அது தோணலியே, நமக்கெல்லாம்."

சூளைப் பக்கம் காய்ந்து கிடந்த பழைய பைகளைக் கொண்டு வரச் சொன்னார். நுங்கை அதில் மாற்றி, புது ஸ்பிரிட் ஊற்றி, இந்த முறை அவரே ஆரோக்கியசாமியோடு சேர்ந்து பையின் மறுமுனையைப் பிடித்து முறுக்கினார். ஸ்பிரிட் முழங்கை வரை வழிந்து கைலியை நனைத்தது. கோலை விட்டேன். சரியான இடத்துக்கு அமிழ்ந்து நின்றது. நான் அளவைப் படித்ததும் ஆரோக்கியசாமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தப் பொடி சுட்டு வந்து சத்தம் போடாமல் தேறியதும், சென்னை ஆலை அதை ஏற்றுக்கொண்டதும், அந்த வியாபாரத்தால் பட்டறை நிலைத்ததும் பிறகு நடந்தவை. நானும் பல வருஷம் கழித்து வெளியூரில் வேறு ஆலைகளுக்குப் போய், இதே நுங்கை எவர்சில்வர் தொட்டிகளில் எடுத்து ஓய்வு பெற்றேன். அவற்றை இன்னொருவர் எழுதலாம். நான் அந்தச் சனிக்கிழமையை முடித்துவிடுகிறேன்.

மதியம் முதலாளி, ஆரோக்கியசாமியின் கணக்கை முடிக்க வந்தார். ஷெஃப் எல்லோரையும் கொட்டகை நடுவில் வரச் சொன்னார். "ஆரோக்கியசாமி குடிக்கலை. தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு நான் கண்ணால பாத்துட்டேன். பாக்காம அவரை எல்லார் முன்னாடியும் கேட்டது நான். அதனால எல்லார் முன்னாடியும் சொல்றேன், என்னை மன்னிச்சுக்குங்க ஆரோக்கியம்." முதலாளி ஷெஃப்பின் முகத்தைப் பார்த்துவிட்டு, கணக்கு நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஆரோக்கியசாமி தலையாட்டினார். ஆனால் நகரவில்லை. "இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்கு ஷெஃப்."

"யாரு?"

"செசிலி. நான் போயி சொன்னா, குடிச்சவன் சொல்றதுன்னு வச்சுக்குவா. நீங்க வந்து சொல்லணும்."

"வர்றேன். குளிச்சுட்டு, துணி மாத்திக்கிட்டு..."

"அதுக்குள்ள அவ கெளம்பிடுவா, ஷெஃப்."

ஷெஃப் தன் கைலியைப் பார்த்தார். இடுப்பிலிருந்து கீழே ஸ்பிரிட் நனைந்து ஒட்டியிருந்தது. அந்தக் கோலத்தில் அவர் நடுத்தெரு வழியே நடந்து போனால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். "குடையை எடுங்க" என்றார் என்னிடம்.

மூன்று பேரும் போனோம். கடைவீதியில் அவருடைய உறவுக்காரர் ஒருவர் சலாம் சொல்லிக்கொண்டு கிட்டே வந்தார். வந்தவர் மூக்கைச் சுளித்து அப்படியே நின்றுவிட்டார். ஷெஃப் பதில் சலாம் சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

செசிலி வாசலில்தான் நின்றாள். பக்கத்தில் கட்டி வைத்த மூட்டை. முதலில் புருஷனைப் பார்த்தாள். அடுத்து ஷெஃப்பைப் பார்த்தாள். காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது. அவள் முகத்தில் வந்த குழப்பத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

"மரைக்காயரே... நீங்களுமா?"

"நானும்தான்மா" என்றார் ஷெஃப். "காலையிலேருந்து இவர்கூட அந்த ரூம்லதான் இருக்கேன். எம்மேல வர்ற வாசம்தான் இவர்மேலயும் வருது. ரெண்டு பேரும் ஒரு சொட்டுக் குடிக்கலை. தப்பாச் சொன்னது நான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்."

செசிலி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மூட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளி வழிவிட்டாள்.

"மழையில நிக்காதீங்க. உள்ள வாங்க, காப்பி போடறேன்."

"வேணாம்மா. இந்தத் துணியோட உங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"எங்க வீட்டுக்காரரு தெனமும் இந்தத் துணியோடதான் வர்றாரு" என்றாள் செசிலி. "வாங்க."

ஷெஃப் குடையை விட்டு வெளியே வந்து, கால் மண்ணை மழையில் கழுவிவிட்டு, உள்ளே போனார்.